சுவராய் நின்ற பட்டயம்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 25



நாம் வாழும் டெக்சாஸ் மாநிலத்தில், 2021 செப்டம்பர் 1 முதல், சட்டம் தடைசெய்யாத 21 வயது நிறைந்த எவரும் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். நம் சபையிலும் சில சகோதரர் அவ்வாறு செய்கின்றனர். அதற்காக அவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்க நான் எழுதவில்லை. ஆனால் ஆராதனைக்குப் பின் நம்மிடையே அடிக்கடி எழும் ஒரு வாதத்தை மறுக்கவே எழுதுகிறேன். குடும்பத்தைக் காப்பது தேவன் புருஷனுக்குக் கொடுத்த கடமையாம். ஆகவே துப்பாக்கி தரிப்பது வேதத்துக்குக் கீழ்ப்படிவதாம். காக்கும் கடமை மெய்தான். இடுப்பில் துப்பாக்கியைச் செருகியவுடன் அக்கடமை நிறைவேறிற்று என்பதோ பொய்.

இவ்வாதத்துக்கு மூன்று வசனங்கள் துணைக்கு அழைக்கப்படுகின்றன. முதலாவது, 1 தீமோத்தேயு 5:8. தன் வீட்டாரை விசாரியாதவனை அது கடிந்துகொள்கிறது. ஆனால் அப்பகுதி பேசுவது விதவைகளின் பராமரிப்பைக் குறித்தே. இரண்டாவது, பட்டயம் வாங்கச் சொன்ன லூக்கா 22:36. பதினொரு சீஷருக்கு இரண்டு பட்டயம் போதும் என்றவர், அவற்றைக்கொண்டு அவர்களைக் காக்க நினைத்திருப்பாரா? அதே இரவில் ஒரு பட்டயம் உருவப்பட்டபோது, நம் ஆண்டவர் அதைத் தடுத்து, மல்குஸின் காதைச் சுகமாக்கினார். மூன்றாவது, யாத்திராகமம் 22:2, 3. இரவில் கன்னமிடும் திருடனை அடித்ததில் அவன் செத்தால் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் அடித்துக் கொன்றால் உண்டு. உயிருக்கு ஆபத்தான வேளையில் தற்காப்பை வேதம் அனுமதிக்கிறது. அதன் எல்லையையும் அதே இடத்தில் குறிக்கிறது.

இப்போது நம் தியானப் பகுதிக்கு வருவோம். தாவீதின் மனுஷர் நாபாலின் மேய்ப்பருக்கு இரவும் பகலும் மதிலாக இருந்தார்கள் என்று 16ஆம் வசனம் சாட்சியிடுகிறது. ஆயுதம் தரித்தோர் பிறரைக் காத்தார்கள், நல்லது. ஆனால் சில வசனங்களுக்குள் அதே மனுஷரில் நானூறுபேர், அதே நாபாலின் வீட்டில் ஓர் ஆண்மகனையும் மிச்சம் வைக்காதபடி புறப்படுகிறார்கள். இடையில் நடந்தது என்ன? பெலிஸ்தர் வரவில்லை. கொள்ளையர் வரவில்லை. ஓர் ஐசுவரியவான் இழிவாகப் பேசினான்; அவ்வளவே. மதிலாய் நின்ற பட்டயம் கொலைக்கருவியாய் மாற ஓர் அவமானச் சொல் போதுமாயிருந்தது. அந்தப் பட்டயத்தை ஏந்தியவனோ தேவனுடைய இருதயத்துக்கு ஏற்றவன். தாவீதால் இயலாத அடக்கம் நமக்குத் தானாக வந்துவிடுமா?

நெடுஞ்சாலையில் ஒருவன் குறுக்கே பாய்ந்து ஒலியெழுப்புகிறான். கடை வாசலில் ஒருவன் மனைவி மக்கள் முன்னிலையில், "உன் நாட்டுக்கே திரும்பிப் போ" என்று ஏசுகிறான். அப்போது காயப்படுவது குடும்பமா, நம் மானமா? வெறும் வார்த்தையால் சீண்டப்பட்டதைக் காரணங்காட்டிப் பலத்தைப் பிரயோகிக்க இம்மாநிலச் சட்டமே இடங்கொடுப்பதில்லை. ஒளித்து வைத்த துப்பாக்கி, "நான் ஏன் பணிய வேண்டும்?" என்று நம் காதில் ஓதத் தொடங்குமானால், அது குடும்பத்துக்கு அரணாயிராது, ஆபத்தை வீட்டுக்குள் அழைத்துவரும்.

நாபாலின் வீட்டைக் காத்தது யார்? ஆயுதமற்ற அபிகாயில். அவள் தாமதியாமல் எழுந்தாள்; உணவை முன்னே அனுப்பினாள்; கழுதையிலிருந்து இறங்கிப் பணிந்தாள்; தான் செய்யாத குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டாள். வீணாய் இரத்தம் சிந்தினோமே என்ற துக்கம் பிற்காலத்தில் வேண்டாம் என்று தாவீதுக்கு நினைவூட்டினாள். அவமானம் ஒரு வாரத்தில் மறையும். சிந்திய இரத்தம் மறையாது. இது கோழைத்தனம் என்பவர், நானூறு பட்டயங்களுக்கு எதிரே ஒரு கழுதையில் ஏறிச் சென்று பார்க்கட்டும்.

சிலர் 2019 டிசம்பரில் ஒயிட் செட்டில்மென்ட் நகரின் ஆலயத்தில் நடந்ததை எடுத்துக்காட்டுவர். அங்கே இருவரைக் கொன்றவனைச் சில வினாடிகளில் வீழ்த்தியவர், ஆயுதப் பயிற்சி அளித்து அனுபவம் பெற்ற, சபையின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர். அந்நிகழ்ச்சி பயிற்சியின் அவசியத்துக்குச் சாட்சி; பயிற்சியற்ற கைக்கு அது நற்சான்று ஆகாது. இம்மாநிலத்தின் உரிம வகுப்பில், வன்முறையின்றிச் சச்சரவைத் தீர்ப்பதும், பிள்ளைகளுக்கு விபத்து நேராதபடி துப்பாக்கியைப் பத்திரப்படுத்துவதும் கட்டாயப் பாடங்கள். உரிமமே வேண்டாம் என்றான பின், அப்பாடங்களைக் கேளாமலே ஒருவர் துப்பாக்கி ஏந்தலாம். உலகம் தளர்த்திய நியமத்தைத் திருச்சபையும் தளர்த்தலாமோ?

வீட்டுக்குள்ளும் பாருங்கள். 2021இல் இந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் ஏறத்தாழ 48,800 பேர். அவர்களில் 26,000க்கும் அதிகமானோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கதவை உடைத்து வருபவனுக்காக வாங்கிய ஆயுதம், மனம் உடைந்த நம் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்று யோசித்தோமா?

ஆகவே துப்பாக்கி வைத்திருக்கும் சகோதரருக்குச் சொல்லுகிறேன். மற்றெவரையும்விட நீங்களே அதிகம் சாந்தமாயிருக்கக் கடமைப்பட்டவர்கள். வாக்குவாதத்தில் ஜெயிக்கும் உரிமையை ஆயுதம் எடுத்த அன்றே இழந்துவிட்டீர்கள். சாலையில் வழிவிடுங்கள். பின்தொடர்ந்து வருவானாகில் வீட்டுக்குச் செல்லாமல், வெளிச்சமும் ஜனநடமாட்டமும் உள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ சென்று 911ஐ அழையுங்கள். உங்கள்மேல் தவறில்லாதபோதும் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டு விலகுங்கள். மிரட்டுவதற்காக ஒருபோதும் ஆயுதத்தைக் காட்டாதீர்கள். வீட்டில் அதைப் பூட்டி வையுங்கள். வீட்டில் ஒருவர் மனச்சோர்வில் இருந்தால், அது அவ்வீட்டிலேயே இராதபடி செய்யுங்கள். தனக்குள் எழும் கோபத்தை அறிந்து, "என்னால் இயலாது" என்பவர் துப்பாக்கியை ஏந்தாதிருக்கட்டும். அதனால் அவருடைய ஆண்மையோ விசுவாசமோ குறைந்துபோகாது.

தாவீது தன்னைத் தடுத்தவளை ஆசீர்வதித்தான். நம்மைத் தடுத்து, "விட்டுவிடுங்கள், வாருங்கள் போவோம்" என்று காரில் மன்றாடும் மனைவியின் குரலை நாமும் தேவ ஆலோசனையாய் ஏற்போமாக.

ஜெபம்: கர்த்தாவே, எங்கள் வீட்டாரை நீரே காத்தருளும். அவமானத்தைச் சகிக்கும் பெலனை எங்களுக்குத் தாரும். எங்கள் கைகளை இரத்தப்பழிக்கு விலக்கிக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.