நிற்பதும் பயிற்சியே

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கராத்தே கற்கச் சேர்ந்த நண்பர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். "உதைக்கக் கற்றுத் தராமல் முழங்காலை மடக்கி நிற்கவே வைக்கிறார்கள்" என்று அலுத்துக்கொள்வார். அது தண்டனையன்று என்பதே என் கருத்து.

நரம்பின் ஆணையின்றி எலும்புத் தசை சுருங்காது. ஓர் இயக்க நரம்பணுவும் அதன் ஆணைக்குட்பட்ட தசை இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. சிறிய நரம்பணுக்களே முதலில் தூண்டப்படுகின்றன என்று எல்வுட் ஹென்னிமன் 1957-இல் காட்டினார். எண்ணூர்க் குப்பங்களில் படகைக் கரையேற்றும்போது, முதலில் வந்தவர்களால் முடியாவிட்டால் மேலும் சிலர் தோள் கொடுப்பார்கள் அல்லவா? அதுபோலவே, அசையாமல் நிற்கையில் முன்னே வந்த அலகுகள் களைக்க, பெரியவை துணைக்கு வருகின்றன. தொடையும் நடுங்கத் தொடங்குகிறது. முதல் சில வாரங்களில், தசை பருக்குமுன்பே வலிமை கூடுவதற்கு இந்த நரம்புப் பழக்கமே முக்கியக் காரணம்.

ஆனால் இவ்வாறு பெறும் வலிமை, கால் மடங்கிய கோணத்தையொட்டியே மிகுதியாக இருக்கும். உதையின் வேகத்துக்கு உதைத்தே பழக வேண்டும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தமும் ஏறும். ஆகவே, பெருமைக்காக நெடுநேரம் நிற்காதீர்கள். இயல்பாக மூச்சுவிட்டுச் சிறிது நேரம் நில்லுங்கள். பிறகு உதைத்துப் பழகுங்கள். இரண்டும் வேண்டும்.