படத்தில் இல்லாதவர்கள்

2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மன்றம் கூடியபோது, பருவநிலைக்காகப் போராடும் இளம்பெண்கள் ஐந்து பேர் பனிமலைப் பின்னணியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். ஓரத்தில் நின்ற உகாண்டா நாட்டு வனேசா நகாடே வெட்டப்பட்டிருந்தார். ஐவரில் கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. பின்னால் தெரிந்த கட்டடம் உறுத்தியதால் வெட்டினோம் என்று முதலில் சொன்ன நிறுவனம், உலகமே கேள்வி கேட்ட பிறகு மன்னிப்புக் கோரியது.

நமக்கு இது புதிதல்ல. ஊர்க் கூட்டத்திலும் நிவாரணப் பட்டியலிலும் ஓரத்தில் நிற்பவர் வெட்டுப்படுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகிறோம். இளைஞர்களின் பருவநிலைப் போராட்டம் பொதுமக்களின் எண்ணத்தை எவ்வளவு மாற்றியது என்ற கேள்வியோடு, அந்த எண்ணத்தில் நமக்கு இடம் இருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

தெருவிலிருந்து சட்டம் வரை

2018 ஆகஸ்டில் 15 வயது கிரேட்டா துன்பர்க் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பல நாடுகளில் பல லட்சம் மாணவர்கள் வகுப்பை விட்டு வீதிக்கு வந்தார்கள். அதுவரை விஞ்ஞானிகளின் மாநாட்டுச் செய்தியாக இருந்ததை வீட்டுப் பேச்சாக மாற்றியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். 2019 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பருவநிலை அவசரநிலையை அறிவித்தது. ஜெர்மனியில் இளைஞர்கள் தொடுத்த வழக்கில், சுமையை வருங்காலத் தலைமுறையின் தலையில் ஏற்றும் பருவநிலைச் சட்டம் ஒரு பகுதி செல்லாது என்று 2021இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரியமில வாயு வெளியேற்றத்தைச் சமன்செய்யும் இலக்கை 2050இலிருந்து 2045க்கு அரசு முன்னால் கொண்டுவந்தது.

முதலில் மக்கள் பேச்சு மாறுகிறது. பிறகு வாக்குக் கேட்பவர்களின் பேச்சு மாறுகிறது. கடைசியில் சட்டத்தின் வாசகம் மாறுகிறது. ஆனால், வானம் இன்னும் குளிரவில்லை. பதிவான ஆண்டுகளிலேயே மிக வெப்பமான ஆண்டு 2024. இளைஞர்கள் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்கள்.

மொழி திறந்த கதவு

நம் நாட்டில் இதே சோதனை 2020இல் நடந்தது. ஊரடங்கு நேரத்தில் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையை வெளியிட்டது. அனுமதி வாங்காமல் தொடங்கிய ஆலைக்குப் பின்னால் அனுமதி கொடுக்க அது வழிவைத்தது. மக்கள் கருத்துக்கேட்புக்கு முன் கொடுக்கும் 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைத்தது. அந்த மே மாதம்தான் விசாகப்பட்டினத்தில் ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து மக்கள் தூக்கத்திலேயே செத்தார்கள். அந்த ஆலை உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது.

வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. ஆலைக்கு நிலம் கொடுக்கப்போகிறவருக்கும் அதன் புகையைச் சுவாசிக்கப்போகிறவருக்கும் அது புரியாது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். இதற்கிடையில் மாணவர்கள் வரைவை எளிமையாக்கி, காணொளியாக்கி, கைபேசிகளில் கொண்டுசேர்த்தார்கள். தமிழ்நாட்டில் இளைஞர்கள் தமிழில் பேசியதால்தான் இந்த வரைவு கிராமத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்தது. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் அமைச்சகத்தில் குவிந்தன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவேயில்லை.

அதற்கு விலையும் இருந்தது. 2020 ஜூலையில் இளைஞர் அமைப்பு ஒன்றின் இணையதளம் முடக்கப்பட்டது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் அனுப்பிய டெல்லி காவல் துறை, தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்று அதைத் திரும்பப் பெற்றது. 2021 பிப்ரவரியில், விவசாயிகள் போராட்டத்துக்கான கையேட்டைத் திருத்திப் பகிர்ந்ததாகச் சொல்லி, பெங்களூருவைச் சேர்ந்த 22 வயது திஷா ரவி கைது செய்யப்பட்டார். பத்தாம் நாள் ஜாமீன் கிடைத்தது.

அந்தச் சண்டை முடியவும் இல்லை. பின்னால் அனுமதி கொடுக்கும் வழக்கம் கூடாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதைத் திரும்பப் பெற்றது. தெருவில் பேச்சு அடங்கினால் கோப்பில் வாசகம் மாறும் என்பதே இதன் பாடம்.

வெயிலுக்குச் சாதி உண்டா?

எங்கள் மாலை நேர வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "வெயில் எல்லாருக்கும்தானே அண்ணா அடிக்குது? இதுல நமக்குன்னு தனியா என்ன இருக்கு?"

வெயில் எல்லாருக்கும் அடிக்கிறது. ஆனால், உச்சிவேளையில் களை பறிப்பவர் யார்? செங்கல் சூளையில் நிற்பவர் யார்? தகர ஷீட்டின் கீழ் கைக்குழந்தையோடு படுத்திருப்பவர் யார்? மழை வந்தால் முதலில் முழுகுவது ஏரி உள்வாயிலும் வாய்க்கால் கரையிலும் இருக்கும் குடியிருப்பு. அந்தப் பள்ளத்தை நாம் ஆசைப்பட்டு வாங்கவில்லை. மேட்டில் இடம் தரவில்லை. அதனால் பள்ளத்தில் இருக்கிறோம். 2004 சுனாமியின்போது கடற்கரை மாவட்டங்களின் நிவாரண முகாம்களிலும் தண்ணீரிலும் சோற்றிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது ஆவணமாகவே இருக்கிறது. அலை சாதி பார்க்கவில்லை. அண்டா பார்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. நல்ல ஆணைதான். ஆனால், வயலில் சுருண்டு விழுந்த கூலிப் பெண்ணின் சாவு 'நெஞ்சுவலி' என்று எழுதப்பட்டால் ஒரு ரூபாயும் வராது. காரணத்தைச் சரியாக எழுதவைக்க, விவரம் தெரிந்த ஒரு பிள்ளை அந்தத் தெருவில் இருக்க வேண்டும்.

நம்மிலேயே பலர், "சுற்றுச்சூழல் எல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேச்சு" என்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னோம். அதில் நியாயமும் இருக்கிறது. "பழைய கிராமத்துக்குத் திரும்புவோம்" என்பவர்கள், அந்தக் கிராமத்தில் நம்மை எங்கே வைத்திருந்தார்கள் என்று சொல்வதில்லை. ஆண்டை வயலை விட்டு வெளியேற நம் பிள்ளைக்கு ஆலை வேலைதான் முதல் வழியாக இருந்தது. ஆகவே ஆலையே வேண்டாம் என்பது நம் வாதமாக இருக்க முடியாது. வேலை ஒருவருக்கு, புகை நமக்கு என்ற பங்கீடுதான் வேண்டாம் என்கிறோம்.

நம்முடைய சூழல் போராட்டம் 2018இல் தொடங்கவும் இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று அள்ளிக் குடித்தார். நீர் பொது என்று நிலைநாட்டிய போராட்டம் அது. பத்தாண்டு கழித்து பம்பாய் உயர் நீதிமன்றமும் அந்த உரிமையை உறுதிசெய்தது.

பதிவில் ஏறுவோம்

மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பதாகை பிடித்துப் படம் எடுப்பது நல்லது. அதைவிட நல்லது பதிவில் ஏறுவது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. காலனிக்கு வடிகால் வேண்டும், உச்சிவெயிலில் நூறு நாள் வேலை வேண்டாம், வேலையிடத்தில் நிழலும் தண்ணீரும் வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.

பக்கத்தில் ஆலையோ குவாரியோ வருகிறது என்றால், கருத்துக்கேட்புக் கூட்டத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2006 அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். வாசிக்கும்போது உங்கள் அம்மா பேசியது அதில் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.

வனேசா நகாடே அன்று அழுதார். ஆனால், அழுகையோடு நிற்கவில்லை. ஏன் வெட்டினீர்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டார். கேட்டதால் முழுப் படமும் வெளியே வந்தது. நம் ஊர்ப் படமும் இன்னும் முழுதாக வெளிவரவில்லை. அடுத்த கிராம சபைக்கு நீங்கள் போகிறீர்கள்தானே?