ஒரே விபத்து... ஒருத்தருக்கு மட்டும் ஏன் ஆறாத காயம்? எலிகள் காட்டிய மரபணு காரணம்

ஒரே பேருந்து விபத்தில் தப்பிய இரண்டு பேர். ஒருவர் சில வாரங்களில் வழக்கம்போல வேலைக்குப் போகிறார். இன்னொருவருக்கு மாதக்கணக்கில் தூக்கமில்லை. ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குது. இதுதான் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. "மனசுல தெம்பு இல்ல" என்பார்கள் சுற்றியிருப்பவர்கள். ஆனா, அறிவியல் அப்படிச் சொல்லவில்லை.

எல்லோருக்கும் வருமா?

வராது. உலகில் சுமார் 70% பேர் வாழ்நாளில் இத்தகைய அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். அவர்களில் 5.6% பேருக்கே இந்தப் பாதிப்பு வருகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு.

மரபணுவின் பங்கு என்ன?

வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த 4,000-க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 1993-ல் ஒரு முடிவு வெளியானது. அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறுவதில் சுமார் 30% மரபணு சார்ந்தது என்று தெரியவந்தது.

எலிகள் எதற்கு?

ஆய்வுக்காக மனிதர்களை மிரள வைக்க முடியாதே! இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் ஹகித் கோஹன் குழுவினர், பூனை சிறுநீர் வாடை வீசும் மணலில் எலிகளை 10 நிமிடம் விட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எலிகளிடம் மட்டும் கடுமையான பயம் அப்படியே இருந்தது.

இதில் 'லூயிஸ்' வகை எலிகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். பிறவியிலேயே இவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன் குறைவாகச் சுரக்கும். அதிர்ச்சி முடிந்ததும் உடலின் அபாய மணியை அணைக்க உதவுவதும் அதே ஹார்மோன்தான். அதிர்ச்சிக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் அதை அதிக அளவில் செலுத்தியபோது, எலிகளின் பாதிப்பு குறைந்தது.

அப்போ, ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. 12 லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளை அலசிய 2024 ஆய்வு, மரபணுத் தொகுப்பில் 95 இடங்களைச் சுட்டிக்காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. குழந்தைப் பருவக் கொடுமை, அதிர்ச்சியின் தீவிரம், பக்கத்தில் துணைக்கு ஆள் இருப்பது என எல்லாமே சேர்ந்துதான் முடிவாகிறது.

எலிகளால் கெட்ட கனவைச் சொல்ல முடியாது. இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் ஆண் எலிகளிடமே நடந்தன. மனிதர்களில் பெண்களுக்கே பாதிப்பு அதிகம். ஆகவே எலிகளிடம் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது.

ஆனா ஒன்று மட்டும் தெளிவு. இது கோழைத்தனம் அல்ல, உடலோடு சேர்ந்த நோய். உளவியல் சிகிச்சையால் பலர் மீண்டிருக்கிறார்கள். "மறந்துட்டு வேலையைப் பாரு" என்ற அறிவுரையைவிட, மருத்துவரிடம் கூட்டிப்போவதே உதவும்.