வீட்டுப் பட்டறைக்கு எந்தத் தரை?

வீட்டுப் புதுப்பிப்புக் கடனுக்காக எம்மிடம் வரும் மதிப்பீடுகள் பலவற்றில், வரவேற்பறைக்கும் கார் நிறுத்துமிடத்திற்கும் ஒரே பளபளப்பான விட்ரிஃபைடு ஓடு குறிக்கப்பட்டிருக்கும். இதனை வீண் செலவென்றே கருதுகிறோம். எண்ணெய் சிந்தினால் அவ்வோடு வழுக்கும். அடியில் கலவை நிரம்பாத இடத்தில் சுத்தியல் விழுந்தால் விரிசலுறும். கோட்டா கல்லெனில் மெருகேற்றாத வகையே ஏற்றது. சுண்ணாம்புக்கல் ஆதலால் பேட்டரி அமிலம் அதில் தழும்பிடும். கான்கிரீட்டையும் அமிலம் அரிக்கும். ஆயினும் ஒட்டுப்போடுவது எளிது. நன்கு இறுக்கிய மண்மீது 100 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளமே எம் தேர்வு. மேற்பூச்சுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்கு அளியுங்கள். குறைந்தது 7 நாள் நீராற்றுங்கள்; மூன்றாம் நாளே போதுமென்று கொத்தனார் சொல்லக்கூடும், இசையாதீர்கள். தவணை முடியுமுன் தரை பெயர்ந்தால், மறுகடனுக்கு எம்மிடமே வர நேரும். வரவேற்போம், மகிழ மாட்டோம்.