மேளத்துக்கு மேடை, மேளக்காரருக்கு?

நாங்கள் மூன்று பேர் கண்டிக்குப் போய்ப் பத்து நாள் சிங்கள மேளமும் ஆட்டமும் கற்றோம். தத், ஜித், தொங், நங் என்று வாயால் சொல்லிக் கையால் அடிக்கப் பழகினோம். விடுதியில் தந்த துண்டறிக்கையில் 'பௌத்தப் பாரம்பரியம்', 'தேசத்தின் பெருமை' என்றெல்லாம் இருந்தது. அந்தப் பெருமையைத் தோளில் சுமந்தவர்கள் யார் என்று ஒரு வரி இல்லை.

நாங்கள் சொல்கிறோம். சிங்களத்தில் 'பெர' என்றால் மேளம். அதை அடிக்க விதிக்கப்பட்ட சாதி 'பெரவா'. பறையின் கதை தெரிந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கண்டி மன்னர் காலத்தில் நிலத்துக்கு ஈடாகச் சாதிவாரியாகச் செய்ய வேண்டிய ஊழியம் ராஜகாரியம். அதில் கோயில் மேளம் இவர்கள் தலையில் விழுந்தது. கொஹொம்ப கங்காரியச் சடங்கில் ஆடியவர்களும் இவர்களே. ராஜகாரியத்தை 1830களில் ஆங்கிலேயர் ஒழித்தார்கள். கோயில் நிலத்தோடு ஒட்டிய ஊழியம் அதன் பிறகும் தொடர்ந்தது.

"பௌத்தத்தில் ஏது சாதி?" என்று கேட்கும் தோழர்களே, 1753இல் கண்டியில் தோன்றிய சியாம் நிகாயத்தில் உபசம்பதா என்னும் உயர் துறவு கொவிகம சாதிக்கு மட்டுமே என்றானது. புத்தர் எந்தச் சாதிக்கும் கதவைச் சாத்தவில்லை. சாத்தியவர்கள் நிலமும் அதிகாரமும் வைத்திருந்தவர்கள்.

சுதந்திரத்துக்குப் பின் இதே ஆட்டம் தேசியக் கலையாகிப் பள்ளிப் பாடமானது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆடினார்கள், அது நல்லதுதான். ஆனால் ஆசிரியர் வேலையும் மேடையும் மற்றவர்களுக்கும் போயின, இழிவு மட்டும் பெரவா குடும்பங்களிடமே தங்கியது. இங்கே சதிர் பரதநாட்டியமான கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். மூன்றாம் நாள், கற்றுத்தந்த ஐயாவிடம் "நீங்கள் பெரவாவா?" என்று நேராகக் கேட்டோம். அவர் கை மேளத்தில் அப்படியே நின்றது. "அடுத்த பாடத்துக்குப் போவோம்" என்றார். சாதி தெரியாமலிருக்கப் பரம்பரைப் பெயரையே மாற்றிக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. சமூகவியல் முதுகலை படித்த எங்களுக்கு அந்த ஒரு நிமிடம் வரை இது உறைக்கவில்லை. சாதி ஒழிப்பு பேசிக்கொண்டே ஒருவரின் காயத்தில் விரலை வைத்துவிட்டோம்.

அதற்காக வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. கேள்வியை யாரிடம் கேட்பது என்பதுதான் விஷயம். விடுதிக்காரரிடம் கேளுங்கள்: நாங்கள் கட்டும் பணத்தில் கற்றுத்தருபவருக்கு எவ்வளவு? அறிக்கை எழுதியவரிடம் கேளுங்கள்: அவர் பெயர் ஏன் இதில் இல்லை? பண்பாடு பேசும் அரசிடம் கேளுங்கள்: இந்தக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள்? மேளம் அடிப்பவரிடம் மட்டும் சாதியைக் கேட்காதீர்கள். சொல்வதா வேண்டாமா என்பது அவர் உரிமை.

நம் ஊர்ப் பறைப் பயிற்சி முகாம்களிலும் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு அடியைத் தொடங்குவோம்.