வீணையும் ஒரு திருத்தமும்

சென்ற மாதம் காலை நிகழ்ச்சியில் ‘ஸ்ட்ரிங் தியரி’ எனும் இழைக் கோட்பாட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். “பிரபஞ்சமே ஒரு வீணை, நாமெல்லாம் அதில் எழும் சுரங்கள்” என்று முடித்துவிட்டு ஒரு பாடலை ஒலிக்கவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பாடல் முடிவதற்குள் ஓர் அழைப்பு. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. “அக்கா, கேக்க அழகா இருந்துச்சு. ஆனா நிரூபிச்சு முடிச்ச விஷயம் மாதிரி சொல்லிட்டீங்களே!”

சுருக்கென்றது. அன்று மாலையே படிக்க உட்கார்ந்தேன்.

முனைவர் பட்ட ஆய்வாளர்களின் பாடமாகவே இருந்த இதை இளங்கலை மாணவர்களிடம் கொண்டுபோனவர்களுள் முக்கியமானவர், அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் பார்ட்டன் ஸ்வீபாக். பெரு நாட்டில் பிறந்தவர். முதலில் படித்தது மின்பொறியியல். அவருடைய பாடநூல் 2004-இல் வெளிவந்தது.

அவர் எடுத்த எடுப்பில் பிரபஞ்சத்துக்குத் தாவுவதில்லை. இரு முனையும் கட்டப்பட்ட சாதாரண நரம்பை முதலில் அதிரவைத்துக் காட்டுகிறார். அது மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு. பிறகு அதே நரம்பில் ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்க்கிறார். அடுத்து குவாண்டம் விதிகளை.

அப்போதுதான் அந்த அதிசயம். வளையமாக மூடிய இழையின் ஓர் அதிர்வு, ஈர்ப்பு விசையைச் சுமக்கும் ‘கிராவிட்டான்’ துகளுக்குரிய குணங்களோடு வந்து நிற்கிறது. ஈர்ப்பு விசையை யாரும் கணக்கில் நுழைக்கவில்லை. தானாகவே வருகிறது! வாய்பாடு ஒப்பிக்கும் வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இதைத் தாங்களே போட்டுப் பார்ப்பது எவ்வளவு பெரிய கிளர்ச்சி!

ஆனால் அதே கணக்கு ஒரு விலையும் கேட்கிறது. எளிய இழைக்கு 26 பரிமாணங்கள் வேண்டும். மேம்பட்ட வடிவத்துக்கு 10. நாம் காண்பதோ காலத்தையும் சேர்த்து 4 மட்டுமே. இழையோ மிக மிக நுண்ணியது. இன்றுள்ள எந்தத் துகள் முடுக்கியும் அதைக் கண்டதில்லை. சோதனைச் சான்று இன்னும் இல்லை.

அந்த மாணவி கேட்டது இதைத்தான். அரைகுறையாகச் சொன்னால் வானொலியில் எனக்கு நட்டம் இரண்டு நிமிடம். இதை நம்பித் துறையைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கோ அது வாழ்நாள் விஷயம்.

மறுவாரம் அதே நேரத்தில் திருத்திச் சொன்னேன்: “பிரபஞ்சம் வீணையாக இருக்கலாம். கணக்கு அழகாக வருகிறது. ஆனால் நரம்பை இன்னும் யாரும் பார்க்கவில்லை.”

பாடல் முடிவதற்குள் மீண்டும் அதே எண். “இப்ப சரி அக்கா!”