ஒரு பழைய பெயர்

சென்ற வாரம் என் வகுப்பில் ஒரு சிறுவன் சுவரில் தொங்கும் தேசப்படத்தைக் காட்டி, "ஸார், நம் சங்கரன்கோவில் இதில் திருநெல்வேலி ஜில்லாவில் இருக்கிறதே?" என்றான். தென்காசி ஜில்லா பிறந்தது 2019-ல். படம் அதற்கு மூத்தது. "அது பெரிய பிழையில்லை, உட்கார்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூன்று விமானிகளின் ஞாபகம் வந்துவிட்டது.

பருல்கர், கிரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி ஆகிய மூவரும் 1971 யுத்தத்தில் பாகிஸ்தானிடம் சிறைப்பட்டவர்கள். 1972 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவு, ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்து வெளியேறினார்கள். பஸ் ஏறிப் பெஷாவர் சேர்ந்து, கைபர் கணவாயில் லண்டிகோட்டல் வரை போய்விட்டார்கள். ஆப்கானிஸ்தான் எல்லைக்குச் சில மைல்களே பாக்கி. அங்கே, படத்தில் கண்ட லண்டிகானா ஸ்டேஷனுக்கு வழி விசாரித்தார்கள். அந்த ஸ்டேஷனோ 1932-லேயே மூடப்பட்டது! ஊராருக்குச் சந்தேகம் பிறந்தது, அகப்பட்டுக் கொண்டார்கள்.

அப்போதும் அவர்கள் கலங்கவில்லை. முகாமில் பழகிய பாகிஸ்தான் அதிகாரி உஸ்மானுக்கு டெலிபோனில் செய்தி போகச் செய்தார்கள். அவர் சொன்ன வார்த்தை அவர்களுடைய உயிரைக் காத்தது. 1972 டிசம்பர் 1-ம் தேதி மற்றக் கைதிகளுடன் வாகா வழியே தாய்நாடு திரும்பினார்கள்.

அவர்களுடைய தைரியத்தில் குறையில்லை; பெயர் ஒன்றுதான் நாற்பது வருஷம் பழசு.

சிறுவனிடம் பென்ஸிலைக் கொடுத்தேன். புதிய ஜில்லாவின் எல்லையை அவனே வரைந்தான்.